ஊரணிக்கரைச் சுத்துவழி

என்ன தாயி, லீவுல வந்த பிள்ளை திண்ணையில உக்காந்து பேனாவைக் கடிச்சுக்கிட்டு இருக்கே?

பிரிட்டன்ல நர்ஸ் வேலை பாக்கணும்னா மூணு வருஷத்துக்கு ஒருக்கப் பதிவைப் புதுப்பிக்கணும்னு சொன்னே. 450 மணி நேரம் வேலை பாத்த கணக்கு, 35 மணி நேரம் படிச்ச கணக்கு. சரி, கணக்குன்னா யாரும் கேப்பான். செஞ்ச வேலையை நெனச்சுப் பாத்து அஞ்சு எழுதிக்கொண்டான்னு 2016-லருந்து கேக்கான் பாரு, அவன்தான் விவரமானவன்.

நீ எழுதுன அஞ்சையும் கேட்டேன். ஒண்ணுல நோயாளி உன் கையைப் பிடிச்சு அழுதான். இன்னொண்ணுல டாக்டர் கவனிக்காததை நீ கவனிச்சே. இன்னொண்ணுல சொந்தக்காரங்க கத்த, நீ பொறுமையா நின்னே. வாசிச்சு முடிக்கதுக்குள்ள உனக்கு ஒரு கோயில் கட்டிரலாமான்னு ஆயிருச்சு. கொடைக்கு நாள் குறிக்கச் சொல்லட்டா?

நானும் முப்பது வருஷம் மாட்டுக்குப் பேறு பாத்தவன்தான். ஒருநா ஊரே கூடி நிக்கி. கன்னுக்கு முன்னங்கால் மடங்கிக் கெடக்கு. உள்ள தள்ளி, காலை நிமித்தி, மாடு முக்கும்போது மட்டும் இழுக்கணும். தெரியாதா எனக்கு? அம்புட்டுப் பேரும் பாக்கானேன்னு ஒரே இழுப்பு. கன்னு போச்சு. 'இன்னைக்கு அஷ்டமில்லா'ன்னு துண்டை உதறிட்டு வந்துட்டேன். மாட்டுக்காரன் நம்பிட்டான். மாடு நம்பலை. அது கட்டிக்கெடந்த தெருவை விட்டு, ஊரணிக்கரையைச் சுத்தியே ரொம்ப நாள் போனேன்.

1983-ல ஷோன்னு ஒரு அமெரிக்கக்காரர் புத்தகம் போட்டாராமே, வேலையோட வேலையா யோசிக்கது ஒண்ணு, முடிஞ்சப்புறம் யோசிக்கது ஒண்ணுன்னு. யோசிக்காம இருக்கதுக்குச் சுத்துவழி போறது ஒண்ணு இருக்கு. அவர் எங்க ஊரணிக்கரைக்கு வரலை, பாவம்.

எழுதுனதை இன்னொரு நர்சுகிட்டப் பேசணுமாம். நீ சிநேகிதியாப் பாத்துப் பிடிச்சிருப்பே. அவ உன்னை மெச்ச, நீ அவளை மெச்ச. நோயாளி யாருன்னு தெரியாதபடி எழுதணும்கிறது நல்ல சட்டம்தான். ஆனா உன்னையும் சேத்து ஒளிச்சுக்கோன்னா சொன்னான்?

நேத்து ராத்திரி சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே ஒண்ணு சொன்னே. ஓரக் கட்டில் கிழவி மணியடிச்சுக்கிட்டே இருந்தா, எப்பவும் அடிக்கிறவதானேன்னு டீயைக் குடிச்சிட்டுத்தான் போனேன்னு. அப்புறம் என்னாச்சுன்னேன். 'ரசம் ஊத்துங்க தாத்தா'ன்னுட்டே.

ரசம் நேத்தே தீந்துபோச்சு தாயி. சொல்லு.