டி டிரைவைக் காணோமா? நிரந்தரமாகத் தொலைக்க ஓர் எளிய கையேடு

ராத்திரி ஷட்டவுன் பண்ணும்போது சி, டி, இ, எஃப் என்று நாலும் இருந்தன. காலையில் திறந்தால் சி மட்டும் தனியாக நிற்கிறது. பயப்படாதீர்கள். பெரும்பாலான சமயங்களில் உள்ளே இருக்கிற ஃபைல்களுக்கு ஒரு கீறல்கூட விழுந்திருக்காது. டிரைவின் எழுத்து மாறியிருக்கும், எந்த பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு கெட்டிருக்கும், இல்லாவிட்டால் வயர் லூஸாகியிருக்கும்.

சிக்கலே அதுதான். சும்மா விட்டால் எல்லாம் திரும்பி வந்து தொலையும். அப்படி வந்துவிடாமல், அக்கா கல்யாண போட்டோ, பிள்ளை பிறந்த வீடியோ, கடையின் டேலி கணக்கு எல்லாவற்றையும் ஒரே மத்தியானத்தில் வழியனுப்பி வைக்க விரும்புகிறவர்களுக்குத்தான் இந்தக் கையேடு. தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. அவசரமும் கொஞ்சம் தன்னம்பிக்கையும் போதும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்தால் வருகிற பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்று ஒன்று இருக்கும். இப்போதைக்கு அதைத் திறக்கவே கூடாது. திறந்தால் ஹார்ட் டிஸ்க் நீள நீளக் கட்டங்களாகத் தெரியும். உங்கள் டி அங்கே ‘என்டிஎஃப்எஸ், ஹெல்த்தி’ என்ற நற்சான்றிதழோடு, எழுத்து மட்டும் இல்லாமல் உட்கார்ந்திருக்கக்கூடும். ரைட் கிளிக், சேஞ்ச் டிரைவ் லெட்டர், ஆட், ஓகே; அவ்வளவுதான், காரியம் கெட்டது. டி திரும்பி வந்துவிடும்.

இந்த எழுத்துகள் ஹார்ட் டிஸ்கில் பொறித்து வைத்தவை இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளாமல் இருப்பது நல்லது. விண்டோஸ் தன் ரெஜிஸ்ட்ரியில் ‘மவுன்டட் டிவைசஸ்’ என்ற இடத்தில் எழுதி வைத்துக்கொள்கிற சொந்தக் கணக்கு அது. சென்னைத் தெருக்களில் பழைய எண் 14, புதிய எண் 27 என்று கதவில் எழுதியிருப்பார்களே, அந்த மாதிரி. வீடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. கூரியர்காரர்தான் தெருவை மூன்று சுற்று சுற்றுகிறார். விண்டோஸைப் புதிதாகப் போட்டால் கணக்கும் புதிது. டிவிடி டிரைவ் முந்திக்கொண்டு ஓர் எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். கேபினெட் முகப்பில் கார்டு ரீடர் இருந்தால் ஒவ்வொரு துளைக்கும் ஓர் எழுத்து. நேற்று டி-யாக இருந்தது இன்று எச் ஆகியிருக்கும். உள்ளே இருப்பதென்னவோ அதே பழைய பாட்டு ஃபோல்டர்தான். டேலியோ டி-யில் தேடிவிட்டு, கம்பெனியே இல்லை என்று கைவிரிக்கும். இந்த இடத்தில் நீங்களும் கைவிரித்துவிடுங்கள்.

(ஹார்ட் டிஸ்க் ஏன் சி-யில் தொடங்குகிறது என்று வீட்டில் யாராவது கேட்டால்: ஏ-யும் பி-யும் ஃப்ளாப்பிக்கு ஒதுக்கியவை. 1983இல் ஐபிஎம் பிசி எக்ஸ்டி 10 எம்பி ஹார்ட் டிஸ்கோடு வந்தபோது சி-தான் மிச்சம் இருந்தது. ஃப்ளாப்பியை எல்லோரும் மறந்துவிட்டோம், எழுத்து மட்டும் இன்னும் அதன் பெயரில் இருக்கிறது.)

சில சமயம் தலைகீழாக, கேட்காமலே ஒரு டிரைவ் வந்து சேரும். 2018 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10 அப்டேட், சில கம்ப்யூட்டர்களில் ரெகவரி பார்ட்டிஷனுக்கு எழுத்து கொடுத்து வெளியே கொண்டுவந்து நிறுத்தியது. சில நூறு எம்பிதான் கொள்ளளவு. அதுவும் நிரம்பி வழிந்து சிவப்புக் கோடு காட்டியது. நிமிஷத்துக்கு ஒருதரம் ‘லோ டிஸ்க் ஸ்பேஸ்’ என்று முனகியது. எழுத்தை எடுத்துவிட்டால் அடங்கியிருக்கும். நீங்கள் அப்படிச் செய்யாமல் டெலிட் பண்ணிவிடுங்கள். பின்னாளில் விண்டோஸ் படுத்துக்கொண்டால் எழுப்ப அதுதான் இருந்தது என்பதெல்லாம் பின்னாள் கவலை.

அடுத்த கட்டம், நிபுணர் ஆலோசனை. தெருமுனையில் ரீசார்ஜ், ஜெராக்ஸ், ‘சிஸ்டம் சர்வீஸ்’ மூன்றும் சேர்த்துப் பார்க்கிற தம்பிக்குப் போன் போடுங்கள். நேரில் வரச் சொல்லாதீர்கள், வந்தால் பார்த்துவிடுவார்.

“தம்பி, டி டிரைவக் காணோம்ப்பா. போட்டோ எல்லாம் அதுலதான் கெடக்கு.”

“விண்டோஸ் கரப்ட் ஆயிருக்கும் அங்கிள். ஃபார்மேட் போட்டா சரியாயிடும்.”

“போட்டோ போயிடாதா?”

“பேக்கப் எடுத்திருப்பீங்கல்ல?”

“எடுக்காம? எல்லாம் டி-லயே பத்திரமா வச்சிருக்கேன்.”

தம்பி சொன்ன ‘ஃபார்மேட்’ என்ற மந்திரச் சொல்லுக்கு இனி வருவோம். டிரைவ் கண்ணுக்குத் தெரிந்தும் கிளிக் செய்தால் திறக்காத நிலை ஒன்று உண்டு. டிஸ்க் மேனேஜ்மென்ட் அதை ‘ரா’ என்று சொல்லும். ஃபைல் சிஸ்டத்தின் முகப்புப் பகுதி கெட்டிருக்கிறது, விண்டோஸுக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான் விஷயம். தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ள விண்டோஸுக்கு மனசு வராது. ‘இந்த டிஸ்கைப் பயன்படுத்த முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும். செய்யட்டுமா?’ என்று கேட்கும். அது கேள்வி இல்லை, மரியாதையான கட்டளை என்று எடுத்துக்கொண்டு சரி சொல்லிவிடுங்கள். கேன்சல் பட்டன் அழகுக்கு வைத்தது.

ஆனாலும் சுழல்கிற பழைய ஹார்ட் டிஸ்க் லேசில் விடாது. க்விக் ஃபார்மேட் போட்டால் புதிய வெற்றுப் பட்டியல் ஒன்றை எழுதுகிறதே தவிர, பழைய போட்டோக்கள் இருந்த இடத்திலேயே கிடக்கும். ஆகவே க்விக் என்ற கட்டத்தில் இருக்கிற டிக்கை எடுத்துவிட வேண்டும். விஸ்டா பதிப்பிலிருந்து முழு ஃபார்மேட் என்றால் விண்டோஸ் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதும். மணிக்கணக்காகும். ஆனால் சுத்தமான வேலை.

எஸ்எஸ்டி வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள், இவ்வளவு மெனக்கெட வேண்டாம். க்விக் ஃபார்மேட்டே போதும். ‘இந்த இடமெல்லாம் இனி தேவையில்லை’ என்று டிரிம் கட்டளை உடனே போய்விடும். எஸ்எஸ்டி தன் ஓய்வு நேரத்தில் துடைத்து வைத்துவிடும். ரெகவரி சென்டர்காரர்கூடப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்.

அசெம்பிள் செய்த பழைய செட் வைத்திருப்பவர்களுக்குத் தனிக் குறிப்பு. எம்பிஆர் முறையில் டிஸ்கின் முதல் 512 பைட்டில் பார்ட்டிஷன் கணக்குக்கு 64 பைட்தான். தலைக்கு 16 பைட், ஆக நாலு பேருக்கு இடம். அதனால் பலர் வீட்டில் டி, இ, எஃப் மூன்றும் ‘எக்ஸ்டெண்டட்’ என்ற ஒரே பார்ட்டிஷனுக்குள் குடித்தனம் நடத்துகின்றன. ஒவ்வொன்றின் வாசலிலும் அடுத்தது எங்கே என்ற குறிப்பு இருக்கும். முதல் குறிப்பு கெட்டால் பின்னால் இருக்கிற எல்லாமே ஒரே நொடியில் மறைந்துவிடும். மூன்றும் சேர்ந்தாற்போல் காணாமல் போனால் கெட்டது ஒரே ஒரு குறிப்பாக இருக்கலாம் என்று நிதானமானவர் ஒருவர் யோசிப்பார். நீங்கள் டிஸ்க்கே அவுட் என்று முடிவு கட்டிவிட்டு, ‘அன்அலகேட்டட்’ என்று கறுப்புப் பட்டை போட்ட இடத்தில் புது பார்ட்டிஷன் உண்டாக்குங்கள். பின்னால் வந்த ஜிபிடி முறை இதில் கொஞ்சம் எரிச்சலூட்டும். பட்டியலின் இன்னொரு பிரதியை டிஸ்கின் கடைசியில் ஒளித்து வைத்திருக்கும். டிஸ்க் ‘நாட் இனிஷியலைஸ்டு’ என்று காட்டி, இனிஷியலைஸ் செய்யட்டுமா என்று தானாக ஒரு பெட்டி வரும்போது ஓகே கொடுத்தால் இரண்டு முனையிலும் புதுப் பட்டியல் விழுந்துவிடும்.

அரசு லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு. 2011இலிருந்து தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தன. லினக்ஸ் பார்ட்டிஷனை விண்டோஸுக்கு வாசிக்கத் தெரியாது. ஆகவே டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பெயரும் இல்லாமல் எழுத்தும் இல்லாமல் ஒரு கட்டம் நிற்கும். ரைட் கிளிக் செய்தால் உயிரோடு இருக்கிற ஒரே வாசகம் ‘டெலிட் வால்யூம்’. விண்டோஸே இவ்வளவு தெளிவாக வழிகாட்டும்போது தயங்கலாமா? டெலிட் பண்ணி, கிடைத்த இடத்தில் படம் ஏற்றி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று ஒரு வரி வந்து நிற்கும். பூட் மெனு அந்தப் பெயரில்லாத கட்டத்துக்குள்தான் குடியிருந்தது.

இத்தனையும் செய்தும் ஃபைல்கள் மிச்சம் இருந்தால், ரெகவரி சாஃப்ட்வேர் கைகொடுக்கும். யூடியூபில் மிரட்டலான இசையோடு ஒருவர் கற்றுத்தருவார்; கிராக் லிங்க் கீழே டிஸ்கிரிப்ஷனில். ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார், அணையுங்கள். தேடவேண்டிய டிரைவிலேயே அதை இன்ஸ்டால் செய்யுங்கள், கண்டுபிடித்ததையும் அதே டிரைவிலேயே சேமியுங்கள். மீட்கிற ஒவ்வொரு போட்டோவும் இன்னும் மீட்காத ஒரு போட்டோவின் தலைமேல் போய் உட்காரும். இந்தக் கையேட்டில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது.

டிஸ்கிலிருந்து டக், டக் என்று சத்தம் வந்தால் உடனே அணைக்கச் சொல்வார்கள். காதில் வாங்காமல் செக்டிஸ்கை ஓடவிடுங்கள். சாகிற டிஸ்கை மூலை முடுக்கெல்லாம் ஓடவைப்பதில் அதற்கு இணை கிடையாது. முடிவில் ஃபவுண்ட் என்ற ஃபோல்டரில் பெயர் இழந்த துண்டுகளாக எதையாவது போட்டு வைக்கும். அதற்கும் அசராவிட்டால் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஃப்ரீசரில் வைப்பது பழங்கால வைத்தியம். வெளியே எடுத்ததும் வியர்க்கும், அந்த ஈரத்தோடே கரண்ட் கொடுக்க வேண்டும். இன்னும் ஆர்வம் இருந்தால் ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் திறந்து பாருங்கள். தட்டுக்கும் படிக்கிற முனைக்கும் நடுவே சில நானோமீட்டர்தான் இடைவெளி. சிகரெட் புகைத் துகளே அதைவிடப் பெரிது. சாமி கும்பிட்டு ஊதிவிடுங்கள்.

பிட்லாக்கர் பூட்டிய லேப்டாப் என்றால் ஒன்றுமே செய்ய வேண்டாம். 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது அனேகமாக, வாங்கிய அன்று கடையில் ஒருவர் அவசரத்துக்கு உண்டாக்கிய மெயில் ஐடியில் இருக்கும். அந்த பாஸ்வேர்டு அவருக்கும் தெரியாது.

கடைசியாக, குட்டையைக் குழப்புகிறவர்களிடம் ஜாக்கிரதை. எல்லார் சொந்தத்திலும் ஒரு சித்தப்பா இருப்பார். “எதையும் எழுதாதே, முதல்ல அணை” என்பார். கேபினெட்டைத் திறந்து சாட்டா கேபிளைப் பிடுங்கித் திரும்பச் சொருகுவார். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் டிஸ்கின் உடல்நிலை மஞ்சள் காட்டுகிறதா என்று பார்ப்பார். வேறொரு டிஸ்கில் அப்படியே ஒரு நகல் எடுத்துக்கொண்டு, அந்த நகலில்தான் கையே வைப்பார். பிறகு டெஸ்ட்டிஸ்க் என்று ஒன்றைத் திறப்பார். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய இலவச மென்பொருள்; கறுப்புத் திரை, மவுஸ் வேலை செய்யாது, பார்த்தாலே மரியாதை வராது. அனலைஸ், க்விக் சர்ச் என்று என்டரைத் தட்டிக்கொண்டே போவார். தொலைந்த பார்ட்டிஷன் பச்சை எழுத்தில் வரும். கீபோர்டில் P-யை அமுக்கி ஃபைல் பட்டியலைக் காட்டி, “இதானே உங்க போட்டோ?” என்பார். அதற்குப் பிறகுதான் டிஸ்கில் எழுதச் சொல்லும் ‘ரைட்’ கொடுப்பார். இப்படிப்பட்டவரை வாசலிலேயே காபி கொடுத்து அனுப்பிவிடுவது உத்தமம்.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்ப் புதிதாக 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்குங்கள். மாட்டிப் பார்த்தால் 931 ஜிபி என்று காட்டும். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 1024ஆக எண்ணுகிறது; குறைந்ததாகத் தெரிகிற 69 ஜிபி இந்தக் கணக்கு வித்தியாசம்தான். இந்த நஷ்டத்தை மட்டும் விடவே கூடாது. பில்லை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், கடை திறக்கிற நேரம்தான்.