நடந்துடாதே மாப்ளே!

மாப்ளே, தினம் பத்தாயிரம் அடி நடக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் குடுத்தாராமே. நல்ல மனுசன். நீ அவரையும் மிஞ்சின ஆளு. 14ஆவது மாடியிலருந்து லிஃப்டுல இறங்குறே. காம்பவுண்டுக்குள்ளயே இருக்கிற ஜிம்முக்குப் போறே. ஓடுற பெல்ட்டு மேல ஏறி வேர்க்க வேர்க்க நடக்குறே. மறுபடி லிஃப்டுல ஏறி வீட்டுக்குப் போயிடுறே. செருப்புல தூசி ஒட்டலை. நம்மூர்ச் செக்குமாடும் இப்படித்தான் நாள் பூரா நடந்துட்டுப் புறப்பட்ட இடத்துலயே நிக்கும். என்ன, அதால எண்ணெயாவது வந்துச்சு.

கோவிச்சுக்காதே. அப்படியே இருன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். கேட்டைத் தாண்டி மட்டும் நடந்துடாதே. சோழிங்கநல்லூருக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவுல, பெரும்பாக்கத்துல, முக்கால் கோடி கடன் வாங்கி வீடு வாங்கியிருக்கே. வாங்குறதுக்கு முன்னால நடந்திருந்தா லாபம். வாங்கின பிறகு நடந்தா தூக்கம் கெடும். இருபது வருசம் தவணை கட்டணும்ல, நீ தூங்கு.

நான் கிழவன், எனக்கு எப்படியும் தூக்கம் வர்றதில்லை. அதனால உனக்குப் பதிலா நான் வெள்ளன எந்திரிச்சு ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன். பாத்ததைச் சொல்றேன், கேட்டுக்கோ. அதுக்கப்புறம் உனக்கு வெளிய போற சோலியே இருக்காது.

முதல் வம்பு கேட்டுலயே ஆரம்பிக்குது. கார்ல போனா செக்யூரிட்டி சல்யூட் வைக்கிறான். நடந்து போனா எந்த ஃபிளாட்டுன்னு கேக்குறான். நடந்து திரும்பி வந்தா இன்னும் மோசம். பேரு, நம்பரு, யாரைப் பாக்கணும், எல்லாம் எழுதிக்கிட்டு உன் போனுக்கு அடிக்கிறான். நீ குளிச்சுக்கிட்டிருக்கே, நான் வெயில்ல நிக்கிறேன். வேட்டி கட்டினதாலதான்னு முதல்ல நினைச்சேன். மறுநாள் பாத்தா பேண்ட்டு சட்டையில ஒருத்தர் எனக்குப் பக்கத்துல நிக்கிறாரு. விசாரிச்சா, சி பிளாக்குல குடியிருக்கிறவராம்! அந்தப் பையனையும் குத்தம் சொல்ல முடியாது. நடந்து வர்றவங்க எல்லாம் வேலைக்கு வர்றவங்க, வீட்டுக்காரங்களுக்குக் கால் கிடையாதுன்னு அவனுக்குப் பழகிப்போச்சு.

வெளிய வந்தா நடைபாதை. இருக்குன்னு நம்புறவனுக்கு இருக்கு. மழைத்தண்ணி ஓடுற வடிகாலுக்கு மேல மூடியிருக்கிற சிமெண்டுப் பலகைதான் அது. நாலு பலகை ஒழுங்கா வரும். அஞ்சாவது ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கும். தூக்கி மாட்டுறதுக்குன்னு வச்ச இரும்புக் கொக்கி மேல துருத்திக்கிட்டு, நம்ம கட்டைவிரல் எப்ப வரும்னு பாத்துக்கிட்டிருக்கும். அதைத் தாண்டினா கரண்டுப் பெட்டி, அடுத்து பிரியாணிக் கடை அண்டா, அதுக்கடுத்து பாதையை அடைச்சு நிறுத்தின புல்லட்டு, கடைசியா ஒரு பசுமாடு. இத்தனையிலயும் ஒதுங்கி வழிவிட்டது மாடு ஒண்ணுதான்.

ஆனா சர்க்காரைக் குறை சொல்லிடாதே. இந்தியாவுலயே முதல் ஊரா, சென்னை மாநகராட்சி 2014லயே நடக்கிறவங்களுக்கும் சைக்கிள்காரங்களுக்கும்னு ஒரு கொள்கை போட்டிருக்கு. போக்குவரத்துக்கு ஒதுக்குற காசுல 60 சதவீதம் அவங்களுக்குன்னு எழுதியும் வச்சிருக்கு. என்ன சிக்கல்னா, 2011ல மாநகராட்சி எல்லையை 174 சதுர கிலோமீட்டர்லருந்து 426 ஆக்கினப்போ சோழிங்கநல்லூர் உள்ள போயிருச்சு, பெரும்பாக்கம் ஊராட்சியாவே வெளிய நின்னுபோச்சு. அதனால மாநகராட்சிக் கொள்கை அங்கிட்டே நின்னுடுச்சு. மாடு மட்டும் எல்லை பாக்காம ரெண்டு பக்கமும் மேயுது.

மெட்ரோ வந்தா எல்லாம் சரியாயிடும்ங்கிறே. வரட்டும், நல்லது. மாதவரத்துலருந்து சிறுசேரி சிப்காட்டுக்குப் போற தடமும், மேடவாக்கம் வழியா வர்ற இன்னொரு தடமும் சோழிங்கநல்லூர்லதான் சேருதாம். தூண் எழும்பிக்கிட்டிருக்கு, நானே பாத்தேன். ஆனா ஒண்ணு, வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவுல நடந்துதான் போகணும். அதை இப்பவே சொல்லி உன் மனசை நோகடிக்கலை.

அடுத்தது தரை. கார்ல போறவனுக்கு ரோடு எல்லாம் ஒரே மட்டமாத் தெரியும். ஏத்தம் இறக்கம் எல்லாம் நடக்கிறவன் கெண்டைக்காலுக்குத்தான் தெரியும். நான் கண்மாய்க்கரையில பொறந்தவன். எது கரை, எது உள்வாய், மடை எங்கிட்டு, கலுங்கு எங்கிட்டுன்னு இருட்டுல விட்டாலும் சொல்லுவேன். உன் தெருவுல ஒரு பக்கமாப் போனா கால் தன்னால எட்டிப் போகுது. திரும்பி வர்றப்போ லேசா இழுக்குது. அந்தக் கால் போற பக்கம்தான் தண்ணியும் போகும். வழி விட்டா.

தென்சென்னையில சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்புல பெய்யிற மழை, ஏரி ஏரியா நிறைஞ்சு வழிஞ்சு, கடைசியில பள்ளிக்கரணைச் சதுப்புக்குத்தான் வந்தாகணும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, மடுவுலருந்து பக்கிங்காம் கால்வாய், கால்வாய்லருந்து கோவளம் பக்கமா கடல். இதுதான் தண்ணிக்குப் போட்ட பட்டா. அந்தச் சதுப்பு ஒரு காலத்துல 5,000 ஹெக்டேருக்கு மேல கிடந்துச்சு. 2022ல ராம்சார்ங்கிற உலகச் சதுப்புநிலப் பட்டியல்ல சேர்த்தப்போ எழுதினது 1,247 ஹெக்டேர். மிச்சம் எங்க போச்சுன்னு கேக்காதே. கொஞ்சத்துல குப்பை கொட்டினாங்க, கொஞ்சத்துல ரோடு போட்டாங்க, கொஞ்சத்துல கம்பெனி வந்துச்சு, கொஞ்சத்துல யார் யாரோ குடியிருக்காங்க. உன்னைச் சொல்லலைப்பா, உன் பத்திரத்துல சர்வே நம்பரு வேற.

உன் தெருமுனையில ஒரு பழைய வீடு இருக்கே, பாத்திருக்கியா? பாத்திருக்க மாட்டே, அங்க கார் திரும்பாது. அந்த வீட்டுச் சுவத்துல இடுப்பு உயரத்துக்குப் பழுப்பா ஒரு கோடு ஓடுது. கோட்டுக்கு மேல மஞ்சள் பெயிண்டு அப்படியே இருக்கு. கீழ பூச்சு பொரிஞ்சு, விரல் பட்டா மாவா உதிருது. திண்ணையில உக்காந்து பூ கட்டிக்கிட்டிருந்த அம்மாகிட்ட என்னம்மா இதுன்னு கேட்டேன். "2023 டிசம்பரு, மிக்ஜாம் புயலு"னு சொல்லிட்டு, நூலைப் பல்லுல கடிச்சுத் துண்டிச்சுக்கிட்டே, "படகு இந்தா, இந்தத் தூண்லதான் கட்டினாங்க"ன்னாங்க. "2015 வெள்ளத்துல?"ன்னேன். பதில் சொல்லாம ஜன்னலைக் காட்டினாங்க.

ஏரியைப் பாத்தாப்புல வீடுன்னு சொல்லி உன்கிட்ட சதுர அடிக்குக் கூடுதலா வாங்கினாங்களே, பொய் சொல்லலை மாப்ளே. நீ ஏரியைப் பாக்கப் போகவே வேண்டாம். பெருமழை வந்தா ஏரி கார் நிறுத்துற இடம் வரைக்கும் வந்து உன்னைப் பாத்துட்டுப் போகும். கார்த்திகையில படகு, சித்திரையில தண்ணி லாரி. ஒரே வீட்டுக்கு ரெண்டு வாகன வசதி யாருக்குக் கிடைக்கும்?

அப்புறம் அக்கம்பக்கம். உன் பால்கனியிலருந்து பாத்தா வரிசை வரிசையா ஒரே மாதிரி எட்டு மாடிக் கட்டடம் தெரியுது. அதை நீயும் உன் வீட்டுக்காரியும் 'அந்தப் பக்கம்'னு சொல்றீங்க. அந்தப் பக்கத்துல 20,000 வீட்டுக்கு மேல இருக்கு. அடையாறு, கூவம் கரையில குடியிருந்தவங்களைக் கொண்டாந்து குடிவச்ச இடம் அது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு வந்தவங்க நிறையப் பேரு. ஆத்துல வெள்ளம் வருதுன்னு அவங்களைக் கிளப்பிச் சதுப்புக்குப் பக்கத்துல இறக்கிவிட்டாங்க. யாரும் கிளப்பாமலே நீ முக்கால் கோடி குடுத்து அதே தண்ணிக்குப் பக்கத்துல வந்து இறங்கியிருக்கே. அந்தக் கணக்குல பாத்தா அவங்களும் நீயும் பங்காளிங்க. நடுவுல இருக்கிற சுவரு மழைக்காலத்துல ரெண்டு பக்கமும்தான் நனையுது.

காலையில ஆறு மணிக்கு அங்கிருந்து பொம்பளைங்க வரிசையா வர்றாங்க பாரு, அதுதான் நடை. முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு, ஒரு கையில தூக்குச்சட்டி, வாய் ஓயாத பேச்சு. எந்தப் பலகை ஆடும், எந்த நாய் கடிக்கும், எந்தச் சந்துல புகுந்தா சிக்னலைத் தவிர்க்கலாம்னு அவங்க காலுக்குத் தெரியும். அதுல ஒருத்தி உன் வீட்டுல பாத்திரம் தேய்க்கிற பொண்ணு. என்னைப் பாத்துட்டு, "அந்தக் குழியில விழுந்துடாதீங்க தாத்தா"ன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்துச்சு. கேட்டுல எனக்கு ஜாமீன் குடுத்ததும் அதுதான். உன் டாக்டர் சொன்ன கணக்குல பாதியை அது உன் வாசலுக்கு வர்றதுக்குள்ள முடிச்சிடுது. அதுக்கு ஜிம்முல சந்தா கிடையாது.

உன் மகளுக்கு ஆயிரக்கணக்குல கட்டி விளையாட்டுப் பயிற்சி தேடுறியே, இதே மாதிரி கொண்டாந்து குடிவச்ச துரைப்பாக்கம் கண்ணகி நகர்ப் பொண்ணு ஒருத்தி 2025ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் போட்டியில கபடித் தங்கம் வாங்கிட்டு வந்துச்சு. அது தரையில ஓடிப் பழகின காலு. அப்புறம், தமிழ் சொல்லிக் குடுக்க இணையத்துல ஆள் தேடுறியாமே? மத்திய சர்க்காரோட செம்மொழித் தமிழாய்வு நிறுவனம் எங்க இருக்குன்னு தெரியுமா? இதே பெரும்பாக்கத்துல, உன் ரோட்டுலதான். தினம் அதைத் தாண்டித்தான் ஆபீசுக்குப் போறே. கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு ஏசியில போறவனுக்குத் தொல்காப்பியமும் தெரியாது, தெருவுல இருக்கிற பள்ளமும் தெரியாது.

கடைத்தெருவைப் பத்தி ஒண்ணு சொல்லிடுறேன். பத்து நிமிசத்துல கொத்தமல்லி வருதுன்னு போன்ல அமுக்குறே. பின்பக்கச் சுவத்துக்கு அந்தாண்ட ஒரு அம்மா சாக்கு விரிச்சு, கீரையும் கொத்தமல்லியும் தண்ணி தெளிச்சு வச்சிருக்கு. சுவத்துல ஒரு வாசல் வச்சிருந்தா நாலு எட்டு. வாசல் வச்சா பாதுகாப்பு போயிடும்னு சொல்லி, வண்டியில வர்ற முகம் தெரியாத பையனைத் தினம் மாடி வரைக்கும் விடுறீங்க. நல்ல பாதுகாப்பு.

இன்னொண்ணு, இதைக் கேட்டு நெஞ்சுல கை வைக்காதே. 10,000 சதுர மீட்டருக்கு மேல இடம் வளைச்சுக் கட்டுறவங்க, அதுல பத்துல ஒரு பங்கைத் திறந்தவெளியா விட்டு, ஊராட்சிக்கோ மாநகராட்சிக்கோ தானப்பத்திரம் எழுதிக் குடுத்துடணும். ஓ.எஸ்.ஆர்.னு சொல்லுவாங்க. அது ஊர் நிலம், யார் வேணா போகலாம். இந்தப் பக்கம் பெரிய பெரிய காம்பவுண்டு எத்தனை இருக்கு! ஒவ்வொண்ணுக்கும் ஒரு துண்டு ஊர் நிலம் எங்கயோ இருந்தாகணும். அது பூங்காவா இருக்கா, பூட்டுப் போட்டிருக்கா, ஜெனரேட்டர் வச்சிருக்கான்னு நடந்து பாத்தாத்தான் தெரியும். அதனாலதான் சொல்றேன், நடக்காதே.

இம்புட்டுச் சொல்லியும் நடக்கத்தான் போறேன்னா, உன் தலையெழுத்து. வழியாவது சொல்லித் தர்றேன்.

மழை விட்ட மறுநாள் போ. வெயில்ல தரை பொய் சொல்லும், ஈரத்துல சொல்லாது. எங்க தண்ணி நிக்குது, எங்க ஓடுது, ஓடுறது எந்தக் குழாயில போயி முட்டுதுன்னு பாத்துக்கிட்டே போ. வடிகாலோட போனா ஒண்ணு ஏரி வரும், இல்லைன்னா யாரோ கட்டின சுவரு வரும். சுவரு வந்தா போட்டோ எடுத்து வச்சுக்கோ.

காதுல மாட்டுற அந்தக் குமிழைக் கழட்டி வச்சுடு. நாய் குரைக்கிறதும் லாரி பின்னாடி வர்றதும் கேக்கணும்.

போனுல இருக்கிற மேப்பை நம்பிச் சந்துல நுழையாதே. மேப்புக்கு வெள்ளமும் தெரியாது, நேத்து வெட்டின பள்ளமும் தெரியாது. டீக்கடையில வயசான உள்ளூர்க்காரர் யாராவது உக்காந்திருப்பாரு. உன் அபார்ட்மெண்டைக் கை காட்டி, முன்னாடி இங்க என்ன இருந்துச்சுன்னு கேளு. வயல்னு சொன்னா இன்னொரு டீ சொல்லு. ஏரிக்கரைன்னு சொன்னா குடிச்ச டீக்குக் காசைக் குடு. அவரு ஒண்ணும் சொல்லாம உன்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "நீங்க எத்தனாவது மாடி தம்பி?"ன்னு கேட்டாருன்னா, மாடியைச் சொல்லிட்டு மரியாதையா வந்துடு.

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. இப்படி நாலு வாரம் நடந்து, வடிகால் எங்க அடைச்சிருக்கு, ஊர் நிலம் எங்க பூட்டியிருக்கு, சுவத்துல வாசல் எங்க வைக்கலாம்னு எல்லாம் தெரிஞ்சு போச்சுன்னு வை, அசோசியேஷன் கூட்டத்துல போயி வாயைத் திறந்துடாதே. கேட்டுக்கு வெளிய என்ன இருக்குன்னு தெரிஞ்ச ஒரே ஆளு நீதான்னு கண்டுபிடிச்சா, அன்னைக்கே உன்னைச் செயலாளர் ஆக்கிடுவாங்க. அப்புறம் ஊராட்சி ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடையா நடப்பே.