இவருக்குக் கொள்கையே கிடையாதா?

கேள்வி: என் மனநல ஆலோசகர் ஒரு வாரம் என்னைப் பேசவிட்டுக் கேட்கிறார், மறுவாரம் மூச்சுப்பயிற்சி தருகிறார். இவருக்குக் கொள்கையே கிடையாதா? – ஒரு வாசகி, குன்னூர்

பதில்: உண்டே! உங்களைக் கேட்டு முடிவெடுப்பதுதான் அந்தக் கொள்கை. உளவியல் ஆலோசனைத் துறை அறிஞர்களான மிக் கூப்பரும் ஜான் மெக்லியாடும் 2011-ல் புத்தகமாகவே எழுதிய பன்மை அணுகுமுறை இது. எது உதவும் என்பதை வருபவரும் ஆலோசகரும் சேர்ந்து தேட வேண்டும் என்கிறார்கள்.

ஆலோசகருக்கு இது சுலபமல்ல. ஒரே முறையைப் பயின்றவருக்குப் போகும் வழி தெரியும். பன்மை அணுகுமுறையில் இயங்குபவரோ 'இது உங்களுக்கு உதவுகிறதா?' என்று அடிக்கடி கேட்க வேண்டும், 'இல்லை' என்ற பதிலையும் தாங்க வேண்டும். சுதந்திரம் கிடைக்கிறது, 'எதிலும் முழுத் தேர்ச்சி இல்லையோ' என்ற பயமும் கூடவே வருகிறது.

ஆனாலும் நம் நீலகிரி மலைக்கு இதுதான் பொருத்தம். தோடர், கோத்தர், படகர், பணியர், 1964-ல் இந்தியாவும் இலங்கையும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்கள் என எத்தனை வாழ்க்கைகள்! பிறந்த ஊரை இழந்த பாட்டியிடம் 'எண்ணத்தை மாற்றுங்கள்' என்று பயிற்சித்தாள் நீட்டினால் எடுபடுமா? அவருக்கு வேண்டியது பொறுமையாகக் கேட்கும் ஆள். பரீட்சைக்குப் பயப்படும் பேரனுக்கு மூச்சுப்பயிற்சியே போதுமாக இருக்கலாம். கூடலூரில் 1990-ல் தொடங்கிய அஸ்வினி அமைப்பு, பழங்குடியினரையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்ததும் இப்படி மக்களோடு சேர்ந்து யோசித்ததால்தான்.

அடுத்த முறை அவரிடமே கேளுங்கள்: 'இன்று ஏன் இந்த முறை?' நல்ல ஆலோசகர் கோபப்பட மாட்டார், நாற்காலியை இன்னும் கொஞ்சம் அருகில் இழுத்துப்போடுவார்.