வீட்டு ரவுட்டரின் ஏழு திணைகள்: ஓர் அகப்பொருள் ஆய்வு

1. நோக்கம்

அகத்திணையை ஏழாக வகுத்த தொல்காப்பியர், பழைய கம்ப்யூட்டரைக் கொண்டு வீட்டிலேயே செய்துகொள்ளும் ரவுட்டர் அவற்றுள் எதில் அடங்கும் என்று சொல்லாமல் விட்டார். உரையாசிரியர்களும் இதைக் கண்டுகொள்ளவில்லை. ஏழிலும் அடங்கும், அதுவும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அடங்கும் என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. மூலச்சுவடி

2002 இறுதியில் லிங்க்ஸிஸ் நிறுவனம் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற நீலமும் கறுப்புமான பெட்டியை விற்பனைக்கு விட்டது. உள்ளே ஓடுவது லினக்ஸ் என்று ஆர்வலர்கள் மோப்பம் பிடித்தார்கள். லினக்ஸுக்குரிய ஜி.பி.எல். உரிமத்தின்படி அதன் மூலநிரலை 2003இல் வெளியிட வேண்டியதாயிற்று. அதிலிருந்து 2004இல் கிளைத்தது ஓபன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருள். ரவுட்டரும் ஒரு கம்ப்யூட்டர்தான் என்ற ஞானம் இவ்வாறு பரவியது. பரணில் கிடக்கும் சி.பி.யு.வை இறக்கியே தீர வேண்டும் என்ற நோயும் கூடவே பரவியது.

3. முதலும் கருவும்

நிலம்: டிவி ஸ்டாண்டின் பின்புறம். பொழுது: வீட்டார் உண்டு உறங்கும் ஞாயிறு பிற்பகல். கருப்பொருள்: பழைய சி.பி.யு., லேன் கார்டு இரண்டு (ஒன்று இணையத்தை நோக்க, மற்றொன்று வீட்டை நோக்க), எட்டு போர்ட் சுவிட்ச், வைஃபை கார்டு, கிரிம்பிங் டூல்.

4. உரிப்பொருள்

குறிஞ்சி (புணர்தல்): கேபிளின் எட்டுக் கம்பிகளையும் வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்று வரிசை பிசகாமல் நெருக்கி, நுனியை ஒரே மட்டமாக நறுக்கி, ஆர்ஜே45 தலைக்குள் செருகி அழுத்த வேண்டும். போர்ட்டில் மாட்டினால் ‘க்ளிக்’. பச்சை ஜோடி மட்டும் நீல ஜோடியை நடுவில் விட்டுப் பிரிந்து நிற்பதை ஆய்வுலகம் கவனிக்க: பாலை வருமுன்னே வந்த அறிகுறி அது.

முல்லை (இருத்தல்): போன் வைஃபையில் சேர்ந்தவுடன் முகவரிக்காகக் காத்திருக்கும். ‘யாராவது இருக்கிறீர்களா?’ என்று கூவும். ரவுட்டரில் உள்ள டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரல் ஒரு முகவரியைக் காட்டும். ‘அதையே கொடுங்கள்’ என்று போன் கேட்கும். ‘கொடுத்தோம்’ என்று பதில் வரும். இந்நான்கு கூற்றுக்கும் டிஎச்சிபி என்று பெயர். தோழி தேவையில்லை.

மருதம் (ஊடல்): பிரிண்டர் கம்பியில், போன் காற்றில். இரண்டுக்கும் தனித்தனி முகவரி வரிசை கொடுத்துவிட்டால் ஒரே கூரையின் கீழ் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. பிரிண்டர் என்று ஒரு பொருள் இவ்வீட்டில் இல்லவே இல்லை என்று போன் சாதிக்கும். லேன் கார்டையும் வைஃபையையும் ஒரே பிரிட்ஜில் சேர்த்துவிட்டால் ஊடல் தீரும். அழையாமல் வெளியிலிருந்து வரும் பாக்கெட்டுகளை ஃபயர்வால் தடுப்பது இத்திணைக்குரிய ‘வாயில் மறுத்தல்’ துறை.

பாலை (பிரிதல்): அடுத்தவர் பாக்கெட்டை லினக்ஸ் தானாகக் கடத்திவிடாது. ஐபி ஃபார்வர்டிங் என்ற அமைப்பை 0இலிருந்து 1 ஆக்கினால்தான் பயணம் தொடங்கும். 1996இல் வந்த ஆர்எஃப்சி 1918 தனிப் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கியவற்றுள் 192.168 வரிசையும் ஒன்று. அது வாசல்படி தாண்டினால் செல்லாது. எனவே புறப்படும் பாக்கெட்டின் முகவரியைக் கழற்றிவிட்டு, வீட்டின் பொது முகவரியைப் பூட்டி அனுப்பும் நாட் என்ற முகவரி மாற்று ஏற்பாடு. பதில் வந்ததும், அது யாருடையது என்று குறிப்பைப் பார்த்து ஒப்படைக்கும்.

நெய்தல் (இரங்கல்): கரண்ட் போய் வரும். ஃபயர்வாலையும் நாட்டையும் இயக்கும் ஐபிடேபிள்ஸ் விதிகளைச் சேமித்து வைக்காவிட்டால் அத்தனையும் மறைந்திருக்கும். அந்நேரம் பார்த்து ஹாலிலிருந்து எழும் கூற்று: “டேய், சீரியல் சுத்திக்கிட்டே நிக்குதுடா. அந்தப் பழைய டப்பாவையே மாட்டித் தொலை!” பாலும் காபியும் மறுக்கப்படுதல் இதன் மெய்ப்பாடு.

கைக்கிளை (ஒருதலைக் காமம்): பின்கட்டு அறையில் போன் சிக்னலைக் காட்டும், இணையம் மட்டும் வராது. ரவுட்டரின் குரல் போனுக்கு எட்டுகிறது; சிறிய ஆன்டெனா கொண்ட போனின் குரல் ரவுட்டருக்கு எட்டவில்லை. ரவுட்டரில் பவரைக் கூட்டினாலும் இக்காதல் நிறைவேறாது. அந்த அறைக்கு ஒரு கேபிள் இழுத்து, அங்கே தனியாக ஒரு ஆக்சஸ் பாயின்ட் வைப்பதே மருந்து.

பெருந்திணை (பொருந்தாக் காமம்): 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்புக்கு 100 எம்பிபிஎஸ் லேன் கார்டை மணம் முடிப்பது. ஏபி மோடு (ஆக்சஸ் பாயின்டாக நடக்கும் திறன்) இல்லாத யூஎஸ்பி வைஃபை டாங்கிளை வாங்கி வந்து ஹாட்ஸ்பாட் ஆகச் சொல்லி வற்புறுத்துவதும் இதன்பாற்படும்.

5. துணிபு

ஏழு திணையும் பொருந்தியதால் கருதுகோள் நிறுவப்பட்டது. இனிப் பொருளதிகாரத்தின் இன்னொரு பொருள்: பணம். சும்மா ஓடும் பழைய டெஸ்க்டாப் 60 வாட் இழுத்தால், 60 நாளில் 86.4 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை அது ஒன்றே ஏறக்குறைய விழுங்கிவிடும். 10 வாட் மினி பி.சி. அதே வேலையை 14.4 யூனிட்டில் முடிக்கும்.

ஆகவே, கற்றுக்கொள்ள நினைப்பவர் பரணில் உள்ளதை இறக்கலாம். நிரந்தரமாக ஓட்ட நினைப்பவர் இரண்டு லேன் போர்ட் உள்ள மினி பி.சி. வாங்குவதே முறை. யாராயினும் விதிகளைச் சேமித்து, ஒருமுறை ரீபூட் செய்து பார்த்துவிடுங்கள். அதையும் சீரியல் தொடங்குமுன் செய்யுங்கள்.