பீரோவில் ஒரு கூப்பன்

கேள்வி: மலையில் மளிகைச் செலவு கட்டுப்படியாகவில்லை. சூப்பர் மார்க்கெட் கூப்பன்களைச் சேர்த்துவைத்தால் மிச்சம் பிடிக்கலாமா?
– வாசகி, கொடைக்கானல்

பதில்: கூப்பன் வந்திருக்கிறதே என்று பட்டியலில் இல்லாத பிஸ்கட்டும் சோப்பும் கூடைக்குள் ஏறினால், மிச்சம் கடைக்காரருக்குத்தான் அம்மா! எழுதிவைத்த சாமானுக்கே கூப்பன் கிடைத்தால் தாராளமாக நீட்டுங்கள்.

அதைவிடப் பெரிய கூப்பன் உங்கள் பீரோவிலேயே இருக்கும்: ரேஷன் கார்டு. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசிக்குக் காசே கிடையாது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிக்கடையில் பருப்பு சர்வசாதாரணமாக 100 ரூபாயைத் தாண்டுகிறது. ஒரு கிலோவிலேயே 70 ரூபாய்க்கு மேல் கையில் நிற்கும். எந்த சூப்பர் மார்க்கெட் இவ்வளவு தள்ளுபடி தரும்? 'ரேஷன் பருப்பா?' என்று முகம் சுளிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. வாங்கியதும் செல்போனுக்கு வரும் குறுஞ்செய்தியைப் படித்துவிடுங்கள். வாங்காத சாமான் அதில் இருந்தால் அங்கேயே கேளுங்கள்.

காய்கறிக்கு ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு எல்லாம் சுற்றுவட்டார மலைக் கிராமங்களிலேயே விளைகிறவை. கடை கட்டும் நேரத்தில் போனால், மூட்டையைத் திருப்பித் தூக்க மனமில்லாமல் விலையை இறக்குவார்கள். மலைப்பூண்டுக்கு மட்டும் பேரம் வேண்டாம். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு அது. காரம் அதிகம் என்பதால் ரசத்துக்கு இரண்டு பல் தட்டிப்போட்டாலே வீடு மணக்கும்.