கேள்விக் கொழுந்து: ஊமைப்படத்து நாயகிகள்

ஊமைப்படத்தில் நடிகைக்கு என்ன பெரிய வேலை? வாயைத் திறக்கவே வேண்டாமே!
(வாசகர், ஹொப்டன்)

வாயைத் திறக்காமல் ஒருநாள் உங்கள் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டுப் பாருங்கள். வேலை எவ்வளவு பெரியதென்று தெரியும்.

அந்தக் காலத்தில் அதிகச் சம்பளம் வாங்கிய நடிகை யார்?
(வாசகர், பதுளை)

சுலோசனா! சொந்தப் பெயர் ரூபி மையர்ஸ், யூதப் பெண், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். நடிக்க வந்த பிறகு மாதம் 5000 ரூபா, அது பம்பாய் கவர்னரின் சம்பளத்தையும் மிஞ்சியது என்று ஊரெல்லாம் பேச்சு. 1927இல் வந்த ‘வைல்ட்கேட் ஆஃப் பாம்பே’யில் அவருக்கு எட்டு வேடம். தோட்டக்காரன் அவரே, போலீஸ்காரனும் அவரே, ஹைதராபாத் கனவான், வாழைப்பழம் விற்பவர், பொன்மயிர் வெள்ளைக்காரி எல்லாம் அவரே! எட்டு ஆளுக்கும் தனித்தனியாகப் பேர் போட்டிருந்தால் கணக்கப்பிள்ளை மயங்கி விழுந்திருப்பார். பிறகு பேசும்படம் வந்தது. அம்மணிக்கு ஹிந்துஸ்தானி சரளமாக வரவில்லை. அழுதுகொண்டு உட்காராமல் ஒரு வருடம் ஒதுங்கி மொழியைப் படித்தார், திரும்பி வந்தார், தன் பழைய ஊமைப்படங்களையே பேசவைத்தார். 1973க்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்குத்தான். பிள்ளைகளே, இன்னொரு மொழி படியுங்கள் என்று இந்தப் பகுதியில் நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

டி.பி. ராஜலக்ஷ்மி யாரைக் கல்யாணம் செய்தார்?
(வாசகி, பண்டாரவளை)

ஊமைப்படத்தில் தொடங்கி, 1931இல் ‘காளிதாஸ்’ நாயகியாகி, 1936இல் ‘மிஸ் கமலா’வைத் தானே எழுதித் தயாரித்து இயக்கினார். நடிகை என்றதும் தாலியைத் தேடும் பழக்கத்தை நான் வளர்க்க மாட்டேன்.

நம்ம தோட்டத்துக் கதை ஊமைப்படத்தில் வந்திருக்கிறதா?
(வாசகர், லுணுகலை)

உங்கள் வாய்க்குச் சர்க்கரை! மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ கதையைக் கேளுங்கள். திருவிதாங்கூர்ப் பணக்கார வீட்டுப் பையனை வில்லன் இலங்கைக்குக் கடத்தி வருகிறான். பையன் தோட்டத்தில் கூலியாக வளர்கிறான். வெள்ளைக்காரத் துரைக்கு அவனைப் பிடித்துப்போகிறது. கடைசியில் அவனே துரையாகிவிடுகிறான்! பெரட்டுக்களத்தில் நின்றவன் பங்களாவில் குடியேறுகிறான். அந்தக் காட்சிக்கு நம் லயத்து ஆட்கள் அடித்திருக்கக்கூடிய விசிலை நினைத்தாலே எனக்குக் காது இனிக்கிறது. எடுத்தவர் ஜே.சி. டேனியல், குமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தோடு உறவுள்ளவர். படத்தின் நாயகி பி.கே. ரோஸி.

அந்த ரோஸி வேறு எந்தப் படங்களில் நடித்தார்?
(ஆசிரியை, மடுல்சீமை)

ஒன்றிலும் இல்லை, ரீச்சர். ரோஸி புலையர் குடும்பத்துப் பெண். புல் அறுத்துப் பிழைத்தவர், காக்காரிசி நாடகத்தில் ஆடியவர். படத்தில் அவர் சரோஜினி என்ற நாயர் பெண். திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் முதல் காட்சி நடந்தபோது, தான் நடித்த படத்தைப் பார்க்க அவரை உள்ளே விடவில்லை. அவர் கூந்தலில் இருந்த பூவைக் கதாநாயகன் முத்தமிடும் காட்சி வந்ததும் திரைக்குக் கல் பறந்தது. பிறகு அவர் வீட்டையும் கொளுத்தினார்கள். தமிழ்நாட்டுக்குப் போன ஒரு லொறியில் ஏறித் தப்பினார். அந்த லொறி ஓட்டியவரையே மணந்து, நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்து முடித்தார். நடிப்பைப் பற்றி வெளியே பேசவில்லை. படச்சுருளும் இன்று இல்லை. டேனியல் பெயரில் 1992 முதல் கேரள அரசு விருது கொடுக்கிறது. ரோஸி பெயரில் பெண் கலைஞர்கள் ஒரு திரைப்படச் சங்கம் தொடங்கியது 2019இல்தான். கூலி வேலை செய்த பெண் திரையில் பெரிய வீட்டுப் பெண்ணாக நின்றதைப் பொறுக்காத மனதுதான் அவரை விரட்டியது. அது குற்றம். உங்கள் வகுப்பில் சினிமா பற்றிப் பேச்சு வந்தால் முதலில் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

இலங்கையில் எடுத்த முதல் ஊமைப்படத்தை எங்கே பார்க்கலாம்?
(வாசகர், பசறை)

எங்கேயும் பார்க்க முடியாது. 1925இல் எடுத்த ‘ராஜகீய விக்கிரமய’ இலங்கையில் திரையிடும் முன்பே தீயில் போய்விட்டது. ஆகவே ஒரு வேண்டுகோள்: உங்கள் லயத்து டிரங்குப் பெட்டியில் பழைய சினிமா நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் ஏதாவது கிடந்தால் அடுப்பில் போடாதீர்கள். பக்கத்துப் பள்ளிக்கூட நூலகத்தில் கொடுத்துவையுங்கள்.