புள்ளலூர்ச் சரக்கு, காண்டன் டெலிவரி

ஒரகடம் கார் கப்பலேறினால் இன்று யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் இந்தப் பக்கத்து மண்ணில் சீறிய ஒரு சரக்கு, கார் வருவதற்கு வெகு முன்னாலேயே சீனா வரை போயிருக்கிறது. ராயல்டிதான் வரவில்லை.

1780 செப்டம்பர் 10. காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூர். கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் வளைத்துக்கொண்டார்கள். இரும்புக் குழாயில் மருந்து திணித்து மூங்கிலில் கட்டிய மைசூர் ராக்கெட்டுகள் பாய்ந்தன. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. காரணம் ராக்கெட்டா பீரங்கியா என்று சரித்திரக்காரர்களின் பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை. பெய்லிக்கு அதை விசாரிக்க நேரமில்லை, கைதாகிவிட்டார். உதவிக்கு வரவேண்டிய ஜெனரல் மன்ரோவோ காஞ்சிபுரத்தில் கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டு, சென்னைக்கு நடையைக் கட்டினார்.

1799இல் திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. ராக்கெட்டுகள் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தன. வில்லியம் காங்கிரீவ் அவற்றைப் பிரித்துப் பார்த்தார், கொஞ்சம் மாற்றினார், தன் பெயரை ஒட்டிவிட்டார்.

அடுத்து சீனா. அபினி வேண்டாம் என்றவனுக்கு அபினி விற்க ஒரு போர். கும்பினி அனுப்பிய நெமிசிஸ், லேர்ட் பட்டறையில் கட்டிய இரும்பு நீராவிக் கப்பல். அடிப்பாகம் தட்டை, ஆறடித் தண்ணீர் போதும். முத்து ஆற்றுக் கோட்டைகளிலோ பீரங்கிகள் திரும்பாமல் சுவரோடு பதிந்து கிடந்தன. எதிரி மரியாதையாக நேரெதிரே வந்து நின்றால் குண்டு படும். நெமிசிஸுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது.

1841 ஜனவரி 7, முத்து ஆற்றுச் சுவென்பி. நெமிசிஸ் விட்ட முதல் காங்கிரீவ் ராக்கெட்டே ஒரு பெரிய சீனப் போர்க்கப்பலுக்குள் நுழைந்தது. மறுகணம் கப்பலைக் காணோம். மார்ச்சில் நெமிசிஸ், பெரிய கப்பல் நுழையாத உள்வாய்க்கால்கள் வழியாகப் போய், எதிர்ப்பட்ட கோட்டைகளை ஒவ்வொன்றாக நொறுக்கியது.

இந்தப் போரில் நம்மாட்களும் உண்டு: மதராஸ் 37ஆவது காலாட்படை. மே மாதக் கடைசியில் காண்டனுக்கு வெளியே, சான்யுவான்லியில், கொட்டித் தீர்த்தது மழை. சிக்கிமுக்கித் துப்பாக்கிகள் நனைந்து ஊமையாகிவிட்டன. அந்தப் படையின் ஒரு கம்பெனி வழிதவறி, ஈட்டியோடு திரண்ட கிராமத்தாருக்கு நடுவே துப்பாக்கிமுனைக் கத்தியை நீட்டியபடி நின்றது. மழையிலும் வெடிக்கும் புதுரகத் துப்பாக்கியோடு மரைன் படை தேடி வந்துதான் மீட்டது.

தெற்கத்தி ராக்கெட்டைப் புதுப்பிக்கக் கும்பினிச் சீமைக்கு நாற்பது வருடம் கிடைத்தது. தெற்கத்திச் சிப்பாயின் துப்பாக்கியைப் புதுப்பிக்க மட்டும் நேரமில்லை. ராயல்டி போகட்டும், ஆளுக்கொரு குடையாவது கொடுத்திருக்கலாம்.